மாணவனும் ஓய்வுப் பொழுதும்

(உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

அரசனுக்கும் ஆண்டிக்கும் நாளொன்றுக்கு இருபத்து நான்கு மணி நேரமே. பொருளை ஏற்றத்தாழ்வாகப் பகிர்ந்த இவ்வுலகம் பொழுதை மட்டும் யாவர்க்கும் ஒப்பவே பகிர்ந்து வைத்திருக்கின்றது. ஆயினும், அப்பொழுதில் எவ்வளவு தனக்குரியது என்று கணக்கிட்டுப் பார்க்கும் மாணவன் வியப்புக்குள்ளாவான். சென்ற தவணையில் ஒருநாள் யான் அவ்வாறு கணக்கிட்டேன். உறக்கத்துக்கு ஏழு மணி நேரம், கல்லூரிக்கு ஆறு, தனியார் கல்வி நிலையங்களுக்கு நான்கு, அவற்றுக்குப் போய்வரும் வழிக்கு ஒன்று, வீட்டிலிருந்து செய்யும் பயிற்சிகளுக்கு மூன்று, நீராடல், உணவு முதலிய கடன்களுக்கு இரண்டு. ஆக இருபத்து மூன்று. எஞ்சி நிற்பது ஒரேயொரு மணி நேரம். அதுவும் பெரும்பாலும் கைத்தொலைபேசியின் வாய்ப்பட்டு மறைந்துவிடுகின்றது.

இக்கணக்கை எழுதிய தாளை என் பாட்டனாரிடம் காட்டினேன். அவரும் இதே கல்லூரியில் அறுபதுகளிற் கற்றவர். தாளை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, எல்லாம் சரி. இதிலே நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று என்னால் விடையிறுக்க இயலவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. ஓய்வு என்பது யாது, அதற்கும் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பு யாது, அதனை நாம் இழந்தமைக்குக் காரணம் யாது என்பவற்றைப் பழைய மாணவப் பெரியார்களும் ஆசிரியர்களும் என் தோழர்களும் படிக்கும் இவ்விழா மலரில் விளக்க முற்படுவது சிறுவன் ஒருவனது துணிவே. பெரியோர் பொறுத்தருள்க.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்திற் பாடசாலையைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்னுஞ் சொல் 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அக்கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் ஓய்வு என்பதாம். வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பு நீங்கி மனிதன் தன் அறிவின்பத்துக்காகச் செலவிடும் பொழுதினை அவர்கள் அச்சொல்லாற் குறித்தனர். அப்பொழுதில் நிகழ்ந்த உரையாடலுக்கும், பின்னர் அவ்வுரையாடல் நிகழ்ந்த இடத்துக்கும் அதுவே பெயராயிற்று.

நம் மொழியிலும் இதனையொத்த வரலாறு ஒன்றுண்டு. 'பள்ளி' என்னுஞ் சொல் படுக்கை, உறையுள் என்னும் பொருள்களை உடையது. கோயிலிற் பள்ளியறை என்பதும் பள்ளியெழுச்சி என்பதும் அப்பொருள் பற்றியே வழங்குகின்றன. துறவோர் தங்கிய இடங்களும் பள்ளியெனப்பட்டன. சமண பௌத்தத் துறவியர் தம் உறைவிடங்களில் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால், கற்குமிடத்துக்கும் அப்பெயர் வந்தது என்பர் அறிஞர். கடலாற் பிரிக்கப்பட்ட இருவேறு மக்கள், ஒருவரையொருவர் கேளாமலே, கல்விக்கூடத்துக்கு அமைதியும் ஓய்வும் தோய்ந்த சொற்களைச் சூட்டியமை சிந்திக்கத்தக்கது.

விளையாட்டையும் நம் முன்னோர் இழிவாகக் கருதினாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை வகுத்தவிடத்து, உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனக் கொண்டு, அவற்றுள் அறிவையும் விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்தார். அறிவு பெறுதலால் வரும் மகிழ்ச்சியும் ஆடுதலால் வரும் மகிழ்ச்சியும் ஓரினத்தன என்பது அவர் கருத்துப்போலும். வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கெனத் தனியே மற்றோர் அதிகாரம் வகுத்தார். நூலைக் கற்பது வேறு. அறிந்தார் வாய்க் கேட்டு மனத்தில் ஊறவிடுவது வேறு. பின்னையதற்கு ஓய்வு வேண்டும். ஓடுகின்றவன் காதில் எச்சொல்லும் தங்காது.

இங்கே ஒன்றை வேறுபடுத்தி அறிதல் அவசியம். ஓய்வு வேறு, பொழுதுபோக்கு வேறு. பொழுதுபோக்கு என்னுஞ் சொல்லே அதன் இயல்பைக் காட்டிநிற்கின்றது. பொழுது சுமையாகிவிட்டவன் அதனைப் போக்குகின்றான். ஓய்வோ பொழுதைப் போக்குவதன்று. பொழுதைத் தனக்கு உரியதாக்கிக்கொள்வது. களைத்த மாணவன் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியின் ஒளித்திரையை விரலாற் தள்ளிக்கொண்டிருப்பது முன்னைய வகை. அவன் களைப்பே அவனை அங்கு தள்ளியதாகலின் அவனைக் குறைகூறுதலும் முறையன்று. ஆயினும், அதனை ஓய்வென்று மயங்குதல் கூடாது.

ஓய்வில் விளைந்தவை

நம் நாட்டுத் தமிழர் இன்று பெருமையோடு எடுத்துப் பேசும் செல்வங்கள் பல, பெரியோர் சிலர் தம் கடமை நேரம் போக எஞ்சிய பொழுதிற் செய்தளித்தவை என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியபோது அரசினர் உதவியோ பெருஞ்செல்வமோ அவர் கையில் இருக்கவில்லை. அன்பர்களின் உழைப்பும், இல்லங்கள்தோறும் சேர்த்த பிடியரிசியுமே அதற்கு உரமாயின. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த தாய்மாரும், தம் பொழுதில் ஒரு பகுதியை எடுத்து வைத்த இளைஞரும் ஒரே அறத்தையே செய்தனர். சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வியும் அளித்த இந்துக் கல்லூரிகள் பின்னர் எழுந்தமைக்கு அவர் இட்ட வித்தே காரணமாயிற்று.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் நடத்திய பட்டப் பரீட்சையில் தேறியவர். அரசாங்கக் கணக்குத் துறையிற் பணியாற்றியவர். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். பகலிற் கணக்கேடு, இரவிற் பனையோலை ஏடு. செல்லரித்த சுவடிகளை ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அவர் அச்சேற்றினார். அலுவலகக் களைப்பைக் காரணங்காட்டி அவர் உறங்கியிருப்பின் அந்நூல்கள் நம் கைக்கு எட்ட இன்னும் எத்தனை காலம் சென்றிருக்குமோ!

சுவாமி விபுலாநந்தர் வாழ்க்கையோ மாணவராகிய எமக்கு இன்னும் நெருக்கமான சான்று. காரைதீவில் 1892 இல் மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்த அவர், விஞ்ஞானப் பட்டதாரி; விஞ்ஞான ஆசிரியர். அதே வேளையில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர். பழந்தமிழரின் யாழ் எவ்வாறு அமைந்திருந்தது, அதன் நரம்புகள் எந்நிலையில் நின்று ஒலித்தன என்பவற்றை அவர் கணித நெறிநின்று பல்லாண்டு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவரும் மறைந்தார். அவரை யாழ்நூல் எழுதுமாறு எந்தப் பாடத்திட்டமும் பணிக்கவில்லை. எந்தப் பரீட்சையிலும் அதற்குப் புள்ளி இல்லை.

இம்மூவரும் மேதைகள்; எம்மை அவரோடு ஒப்பிடுதல் தகாது என்று ஒருவர் கூறலாம். உண்மையே. ஆயின், ஊர்தோறும் உழவர் ஆடிய கூத்தை நோக்குவோம். மட்டக்களப்பில் அறுவடை முடிந்து கையோய்ந்த காலத்திற் சட்டங்கொடுத்தல் நிகழும். பாத்திரங்களுக்குரிய பாட்டும் ஆட்டமும் அண்ணாவியாரால் இரவிரவாக, மாதக்கணக்கிற் பழக்கப்படும். பின்னர்ச் சதங்கையணி விழா, ஈற்றில் அரங்கேற்றம். எழுதப்படிக்க அறியாதவரும் நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் நிறுத்தினர். தாளம் பிழைத்தால் அண்ணாவியாரின் கண்டிப்புக்கு ஆளாயினர். இஃது எளிய பொழுதுபோக்கன்று. ஓய்வுக்காலத்தில் நடந்த ஒழுங்கான பள்ளியே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, பட்டம் பெறவிருந்த மாணவர், உழவர் வளர்த்த அக்கலையின் முன் கைகட்டி நின்று கற்றனர். ஒரு சமூகத்தின் பண்பாடு அதன் ஓய்வு நேரத்திற் குடியிருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பட்டம் கற்பித்த பாடம்

இனி, என் அனுபவத்தில் ஒன்றைக் கூற விரும்புகின்றேன்.

மார்கழியும் தையும் வாடைக் காற்றின் மாதங்கள். அப்பொழுது எங்கள் ஊர்த் தரவையிற் பட்டங்கள் எழும். வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப்போட்டியைக் காண நாடெங்குமிருந்து மக்கள் திரள்வர். எங்கள் பட்டங்கள் அத்துணைப் பெரியன அல்ல. எனினும், அவற்றைக் கட்டும் கலை ஒன்றே. மூங்கிலைப் பிளந்து, ஒத்த கனமுள்ள சலாகைகளாகச் சீவுதல் முதல் வேலை. நடுவிற் தாங்கிப் பிடித்தால் இருபுறமும் ஒப்பச் சாயாது நிற்றல் வேண்டும். ஒருபுறம் சிறிது கனத்தாலும் பட்டம் வானிற் சுழலும். மெல்லிய தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டிய பின் முச்சை கட்டுதல். மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று நூல்களை ஒரு முடிச்சிற் சேர்ப்பதே முச்சை. பட்டம் பறப்பதும் விழுவதும் இம்முடிச்சிலேயே தங்கியுள்ளது. மேல்நூல் அளவின் மிஞ்சி நீண்டால் பட்டம் மல்லாந்து, காற்றைத் தடுத்து நிற்குமேயன்றி எழாது. அது குறுகினால் முன்சாய்ந்து காற்றை நழுவவிட்டுத் தலைகீழாகக் குத்தி விழும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை எந்நூலும் சொல்லாது; கை அறிந்து கண்டுபிடித்தல் வேண்டும்.

பெரிய பட்டத்துக்கு விண் பூட்டுவர். வில்போல வளைத்த சலாகையில் தட்டையான நார் ஒன்றை இழுத்துக் கட்டுவதே விண். முன்னாளிற் பனைநார், இந்நாளிற் பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடா. காற்று அதனைத் தழுவி ஓடும்போது அது அதிர்ந்து கூவும். இரவு முழுவதும் ஊரெல்லாம் கேட்கும் அக்கூவலைக் கேட்டு, இஃது இன்னார் பட்டம் என்று அறிந்து சொல்வார் என் பாட்டனார். நாரை இறுக்கினால் ஒலி உயரும், தளர்த்தினால் தாழும், அகன்று கனத்த நாராயின் குரல் தடிக்கும். ஒன்பது வயதில் இதனை யான் அறிந்திருந்தேன்.

சென்ற ஆண்டு பௌதிகவியல் வகுப்பில், இழுத்துக் கட்டிய இழையின் அதிர்வு பற்றிய பாடம் தொடங்கிற்று. இழுவை கூடினால் மீடிறன் கூடும். இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரு மடங்காகும். அலகு நீளத்தின் திணிவு கூடினால் மீடிறன் குறையும் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். வகுப்பிற் பலர் அதனை மனனஞ் செய்யத் தொடங்கினர். எனக்கோ பழைய நண்பன் ஒருவனைப் புதிய உடையிற் கண்டதுபோல இருந்தது. விண்ணின் அதிர்வுக்குக் காற்றோட்டமும் காரணமாதலால் அது வாய்பாட்டுக்கு முற்றும் அடங்காது என்பதையும், நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பையே விபுலாநந்தர் யாழிலே தேடினார் என்பதையும் ஆசிரியர் பின்னர் விளக்கினார். தரவையும் வகுப்பறையும் யாழ்நூலும் ஒரே இழையிற் கோக்கப்பட்டிருப்பதை அன்றுதான் கண்டேன். கல்வி என்பது இதுதானோ என்று முதன்முறையாக எனக்குத் தோன்றிற்று.

இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள் என் தம்பிக்கு முச்சை கட்டக் காட்டிக்கொடுக்க விரும்பினேன். அவனுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கின்றவன். பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, இரவிற் பயிற்சித்தாள் என்று அவனது நாளும் நிறைந்தது. சலாகையைக் கையிற் கொடுத்து, நடுவிற் பிடித்துச் சமன் பார்க்கச் சொன்னேன். அவன் அதனை வாங்கினான், ஒருமுறை பார்த்தான், பின்பு மிகுந்த பணிவோடு, "அண்ணா, இது சோதினைக்கு வருமோ?" என்று கேட்டான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். யான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. பாட்டனார் என்னிடம் கேட்ட வினாவும் தம்பி என்னிடம் கேட்ட வினாவும் ஒன்றுக்கொன்று விடையாக அமைந்தமையை அன்றிரவு உணர்ந்தேன். எது பரீட்சைக்கு வருமோ அதுவே அறியத்தக்கது என்னும் எண்ணம் பத்து வயதிலேயே வேரூன்றிவிட்டதாயின், அவனுடைய நாளில் அவன் எங்கே இருக்கின்றான்?

மூன்று தலைமுறையின் மாலைப்பொழுது

பாட்டனாரின் மாலைப்பொழுது யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு உரியது. க. மு. செல்லப்பா என்பார் 1933 இல் தம் இல்லத்திலே தொடக்கிய இலவச வாசிப்புச் சேவையிலிருந்து வளர்ந்து, 1959 இற் புதுக்கட்டடத்திற் திறந்துவைக்கப்பட்டது அந்நூலகம். கல்லூரி விட்டதும் பந்தடி. பந்தடி முடிந்ததும் நூலகம். பாடநூலல்லாத நூலைப் படித்தற்கு அக்காலத்தில் யாரிடமும் காரணங் கூறவேண்டியதில்லை என்பார் அவர். இரவில் நிலவு காய்ந்தால் கிளித்தட்டு. நிலத்திற் கோடுகள் கீறி, ஒரு பக்கத்தார் கோடுகளிற் காவல் நிற்க, மற்றப் பக்கத்தார் அடிபடாமற் கடந்து போய்த் திரும்பிவரும் அவ்விளையாட்டுக்கு மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். காற்பந்துச் சப்பாத்து வாங்க இயலாதவனும் அதிலே தலைவனாகலாம். 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி இரவில் மூட்டப்பட்ட தீயில் அந்நூலகமும் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. தாம் பள்ளிப் பருவத்திற் கைதொட்ட நூல்களை ஒவ்வொன்றாக நினைந்து அவர் இன்றும் பெயர் கூறுவதுண்டு.

தந்தையாரின் மாலைப்பொழுது வேறு. அவர் மாணவராயிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்போன்றது. ஜாம் போத்தலிற் பஞ்சையிட்டு, அதில் ஊறுமளவே எண்ணெய் வார்த்து, மெல்லிய திரியேற்றிய விளக்கின் ஒளியில் அவர்கள் கற்றனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்டனர். பாட்டு வேண்டுமாயின் ஒருவர் சுழற்றியே ஆகவேண்டும்; முறைவைத்துச் சுழற்றினராம். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி ஊரோடு இடம்பெயர்ந்தபோது தந்தையார் எடுத்துச் சென்ற பையிற் பாடநூல்களும் இருந்தன. ஓய்வு என்பது அவர்களுக்கு அச்சமில்லாத ஒரு நாழிகை என்றே பொருள்பட்டது. இன்று எம் வீட்டிற் சுவிட்சைத் தட்டினால் ஒளி வருகின்றது. அத்தலைமுறையார் பெறாத அமைதி எமக்கு வாய்த்திருக்கின்றது. அந்த அமைதியைக்கொண்டு யாம் என்ன செய்கின்றோம் என்று அவர்கள் கேட்டால், கேட்கும் உரிமை அவர்களுக்குண்டு.

தடை யாது?

நோய்க்குக் காரணம் அறியாது மருந்து கூறுதல் தகாது. தனியார் வகுப்புகளைப் பழிப்பது எளிது. ஆயின், பெற்றோர் பிள்ளைகளை அவற்றுக்கு அனுப்புவது பேராசையினால் மட்டுமன்று. வரண்ட நிலமும் குறைந்த தொழில்வாய்ப்பும் உடைய இக்குடாநாட்டிற் கல்வியே நெடுங்காலமாக மக்களின் முதலாயிருந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, அம்முதலை ஏழைக்கும் வழங்கிற்று. பின்னர், எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், ஒரு புள்ளியின் குறைவால் ஒருவன் வாழ்வே திசைமாறலாம் என்னும் அச்சத்தை இல்லந்தோறும் விதைத்தது. போர்க்காலத்திலோ கல்வி உயிர்தப்பும் வழியாகவும் ஆயிற்று. இவ்வச்சங்கள் மூன்றும் தாயின் மனத்திற் படிந்திருக்க, அவள் மகனைப் பார்த்து, "போய் விளையாடு" என்று எவ்வாறு கூறுவாள்? பல்கலைக்கழக இடங்கள் இன்றும் விரும்புவோர் தொகைக்குப் போதாதனவே. ஆகவே, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் என் நோக்கமன்று.

அன்றியும், நல்லாசிரியர் ஒருவரை அத்தகைய வகுப்பிலே கண்டவனும் யானே. கல்லூரியில் விளங்காத கணிதம் அங்கு விளங்கியதுண்டு. குறை வகுப்பில் இல்லை, அளவிலே உள்ளது. கல்லூரியிற் கேட்ட பாடத்தையே மாலையில் ஒருவரிடமும் விடுமுறையில் மற்றொருவரிடமும் கேட்பது கல்வியை மும்மடங்காக்குவதில்லை. மூன்றுமுறை உண்டவனுக்கு ஒருமுறை உண்டவனிலும் மும்மடங்கு உடல் வளராது. செரிப்பதற்கும் பொழுது வேண்டும். கேட்டதை அசைபோடுதற்குரிய தனிமையை இழந்த மாணவன் விடைகளைச் சேர்க்கின்றான்; வினாக்களை இழக்கின்றான்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது எமக்கு எதிர்பாராத ஓய்வு வாய்த்தது. முதலிற் களித்தோம், ஒரு கிழமையிற் சலித்தோம். வெறும் பொழுது கையிற் கிடைத்தபோது அதனைக்கொண்டு என்ன செய்வதென்று எம்மிற் பலருக்குத் தெரியவில்லை. ஓய்வும் பழகிப் பெறவேண்டிய ஒரு கலையே என்பதை அந்நாட்கள் உணர்த்தின. நீந்தப் பழகாதவனுக்குக் குளமும் அச்சமே தரும். யான் தரம் பத்தில் மிருதங்க வகுப்பை நிறுத்தினேன். "பரீட்சை முடியட்டும், பிறகு தொடங்கலாம்" என்றார்கள். யானும் அதற்கு உடன்பட்டேன். பரீட்சை முடிந்து மிருதங்கத்தை எடுத்தபோது என் விரல்கள் சொற்கட்டை மறந்திருந்தன. பிறகு என்று ஒத்திவைத்தவை யாவும் காத்திருப்பதில்லை.

செய்யத்தக்கன

குறைகூறி நிறுத்துதல் மாணவனுக்கு அழகன்று. ஆதலின் இயலக்கூடிய சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, மாணவராகிய நாம் செய்யவேண்டியது. கிழமையில் ஒரு மாலைப்பொழுதையேனும் எதற்கும் விற்காது வைத்தல் வேண்டும். அன்று பரீட்சைக்கு வாராத ஒன்றைச் செய்தல் வேண்டும்: ஒரு நூல், ஒரு வாத்தியம், ஒரு விளையாட்டு, ஒரு தோட்டப்பாத்தி எதுவாயினுமாக. ஊர்களிலுள்ள சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகளில் மாலையில் முதியவர் சிலரே பத்திரிகை படித்திருக்கின்றனர். அவர் அருகிற் சென்று அமர்ந்தாலே பாதி ஊர்வரலாறு கேள்வியாக வந்துசேரும். தொலைபேசியும் பகையன்று. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில், ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் கல்லூரி மலர்களும் பல்லாயிரக்கணக்கில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அழிந்த நூலகத்தின் துயரை நெஞ்சிற்கொண்ட தொண்டர் பலர் தம் ஓய்வு நேரத்திற் பக்கம் பக்கமாகப் படிபிடித்துச் சேர்த்தவை அவை. ஓய்வு அழிந்ததையும் மீட்கும் என்பதற்கு அஃதொரு சான்று.

இரண்டாவது, கல்லூரி செய்யக்கூடியது. வாணி விழா மேடையில் வருடத்துக்கொரு முறை தோன்றி மறையும் கலைகள் ஆண்டு முழுவதும் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். விவாத மன்றமும் நாடக மன்றமும் பரிசுக்காக அன்றிப் பழக்கத்துக்காகக் கூடுதல் வேண்டும். தோற்றாலும் குற்றமில்லை என்று ஒரு மாணவன் எண்ணக்கூடிய இடம் கல்லூரியில் ஒன்றேனும் இருத்தல் நன்று. அவ்விடத்தில் ஆசிரியரும் புள்ளியிடும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எம்மோடு அமர்வாராயின் எமக்கு அதனினும் பெரும்பேறு இல்லை.

மூன்றாவது, பழைய மாணவப் பெரியார்களுக்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் உலகின் பல திசைகளிலிருந்தும் அனுப்பும் நிதியாற் கட்டடங்கள் எழுகின்றன, கணினிகள் வருகின்றன, வறிய மாணவர் பலர் உணவும் உதவியும் பெறுகின்றனர். அவற்றுக்கு நாம் என்றென்றும் கடப்பாடுடையோம். ஆயின், தாங்கள் ஊருக்கு வரும்போது நிதியோடு சிறிது பொழுதையும் எமக்குத் தருவீர்களாக. பரிசளிப்பு மேடையில் நின்று சொற்பொழிவு செய்யவேண்டியதில்லை. மைதானத்து மரநிழலில் அமர்ந்து, தாங்கள் கிளித்தட்டு ஆடிய கதையையும் இடம்பெயர்ந்த வகுப்புகளிற் கற்ற கதையையும் கூறுங்கள். கிட்டியும் புள்ளும் செதுக்கிக் காட்டுங்கள். தாங்கள் அறிந்து எமக்குக் கூறாதுவிட்டவை தங்களோடே மறைந்துபோம்.

தம்பிக்கு அன்று யான் அளித்த விடையையும் கூறிவிடுகின்றேன். "வராது" என்றேன். அவன் சிறிது நேரம் தயங்கி நின்றான். பயிற்சித்தாள் மேசைமேற் கிடந்தது. அம்மா சமையலறை வாயிலில் நின்று இருவரையும் பார்த்திருந்தார், ஒன்றும் கூறவில்லை. பின்னர்த் தம்பி சலாகையை நடுவிற் பிடித்துக் கண்ணுக்கு நேரே உயர்த்தினான். "இந்தப் பக்கம் பாரம், அண்ணா" என்றான்.

அவன் கூறியது சரியே. கத்தியை எடுத்து அப்பக்கத்தைச் சிறிது சீவினோம். மறுநாள் எங்கள் பட்டம் இருமுறை குத்தி விழுந்தது. மூன்றாம்முறை முச்சையை அவனே அவிழ்த்துக் கட்டினான். வாடைக் காற்றில் அது எழுந்து நின்றது. நூலின் இழுவையைக் கையில் உணர்ந்த அச்சிறுவனின் முகத்தைக் கண்டபோது, தொல்காப்பியர் அறிவையும் விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்தமைக்குக் காரணம் விளங்கிற்று. அன்று மாலை பாட்டனாரிடம் சென்று, எனது நாட்கணக்குத் தாளின் அடியிற் புதிதாக ஒரு வரியை எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

கல்விக்குக் கோயிலாய் விளங்கும் நம் கல்லூரி, இன்னும் பல விழாக்கள் கண்டு, கற்கும் பொழுதும் ஓயும் பொழுதும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மாணவ பரம்பரையை ஈன்று நெடிது வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.